தனிக்கூடும் எலியின் மூளையும் – ஒரு வரலாற்று நோக்கு

உளவியலின் வரலாறு பெரும்பாலும் கொள்கை வகுத்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அவர்தம் பெயர்கள் பாடநூல்களில் இடம்பெறுகின்றன. அக்கொள்கைகளுக்குச் சான்று பகர்ந்த எலிகள் எத்தகைய கூட்டில், எவற்றோடு, எத்தனை நாள் வாழ்ந்தன என வினவுவோர் சிலரே. ஆயினும் மூளை பற்றிய அறிவு சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலே புதுவழி திரும்பியமைக்கு அவ்வினாவும் ஒரு காரணமாயிற்று. விஞ்ஞானத்தை முறையாகக் கல்லாத கலைப்பீட மாணவனொருவன் இத்துறையிற் புகுவது துணிச்சல் எனப்படலாம். எனினும் ஈண்டு ஆராயப்படுவது எலியின் உடற்கூறன்று. விஞ்ஞானிகள் எதனை இயல்பெனக் கொண்டனர், எப்போது அதனை ஐயுற்றனர் என்பதே.

ஆய்வுகூட வெள்ளெலியின் முன்னோர் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்தவை. ஒன்றன்மேல் ஒன்று படுத்துறங்குவதும், குட்டிப் பருவத்திற் பொய்ச்சண்டை பிடித்து விளையாடுவதும் அவற்றின் இயல்பு. ஆய்வுகூடத்திலோ ஒவ்வொன்றையும் தனிக்கூட்டில் அடைக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. இதற்கு ஆழ்ந்த கொள்கை எதுவும் காரணமன்று. தனித்திருக்கும் எலி எவ்வளவு உண்டது, எவ்வளவு குடித்தது என அளத்தல் எளிது. ஒன்றை மற்றொன்றாக மயங்குவதற்கும் இடமில்லை. வசதிக்காக ஏற்பட்ட வழக்கம் நாளடைவில் இயல்புநிலை என்னும் தகுதியைப் பெற்றுவிட்டது.

இதனை முதலில் அசைத்தவருள் ஒருவர் கனடிய உளவியலாளர் டொனால்ட் ஹெப். அவர் சில எலிகளைத் தமது வீட்டிலே செல்லப் பிராணிகளாக வளர்த்தார். அவை புதிர்ப்பாதைச் சோதனைகளில் ஆய்வுகூடக் கூடுகளில் வளர்ந்தவற்றை விஞ்சின என 1947 ஆம் ஆண்டில் அறிவித்தார். எலிகளின் தொகை சிறிது. ஒழுங்கான பரிசோதனை என்றும் அதனைக் கூற முடியாது. ஆனால் வீட்டிலே திரிந்த எலி ஆய்வுகூட எலியை வென்றதெனின், அதுவரை எலியின் அறிவு என அளக்கப்பட்டது யாது என்ற வினா எழாமல் இருக்க முடியவில்லை.

அவ்வினாவைத் தராசிலும் நுணுக்குக்காட்டியிலும் இட்டுப் பார்த்தோர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் கிரெக், மார்க் றோசன்சுவைக், எட்வேட் பெனற், மரியன் டயமண்ட் ஆகியோராவர். அவர்கள் கையாண்ட முறை சற்று விரித்துரைக்கத் தக்கது. ஒரே ஈற்றில் பிறந்த ஆண்குட்டிகளைப் பால் மறந்ததும் பிரித்தனர். ஒன்று பத்துப் பன்னிரண்டு எலிகள் வாழும் பெருங்கூட்டுக்குச் சென்றது. அங்கே ஏணி, சுழல்சக்கரம் முதலிய விளையாட்டுப் பொருள்கள் இருந்தன, அவை நாள்தோறும் மாற்றப்பட்டன. அதன் உடன்பிறப்பு பிற எலியைக் காணவோ தீண்டவோ இயலாத தனிக்கூட்டுக்குச் சென்றது. சாதாரணக் கூட்டில் மும்மூன்றாக வாழ்ந்த இடைநிலைத் தொகுதியொன்றும் இருந்தது. உணவும் நீரும் எல்லாவற்றுக்கும் வேண்டியமட்டும் வழங்கப்பட்டன. ஏறத்தாழ 80 நாள்களின் பின் மூளைகள் எடுக்கப்பட்டு, எது எக்கூட்டினது என்பதை அறியாதோரால் ஆராயப்பட்டன.

1964 இல் வெளியான முடிவுகள் பலரை வியப்பில் ஆழ்த்தின. கூட்டமாக வளர்ந்தவற்றின் பெருமூளை மேற்பட்டை தனித்து வளர்ந்தவற்றினதிலும் தடித்தும் நிறைகூடியும் இருந்தது. அசற்றைல்கோலின் என்னும் நரம்புச் செய்திப் பொருளைச் சிதைக்கும் நொதியத்தின் அளவிலும் வேறுபாடு காணப்பட்டது. வேறுபாடுகள் சில வீதமே. ஆனால் வளர்ந்த மூளை மாறாதது என்ற எண்ணம் வேரூன்றியிருந்த காலத்தில் அச்சில வீதமே போதுமானதாக இருந்தது.

அவ்வாய்வாளர் இட்ட பெயர்களே எனது கவனத்தை ஈர்க்கின்றன. பெருங்கூட்டினை அவர்கள் 'வளமூட்டிய சூழல்' என்றனர். பன்னிரண்டு எலியும் ஓர் ஏணியும் இருந்தால் அது வளமாம்! வயல்வரம்பில் ஓடித்திரியும் எலிக்கு அந்த வளம் மிக வறியதாகவே தோன்றும். காட்டுச் சூழலோடு ஒப்பிடுகையில் அதுவும் குறைபாடுடையதே என்பதைப் பின்னர் றோசன்சுவைக்கும் ஏற்றுக்கொண்டார். ஆகவே பேர்க்லியின் கண்டுபிடிப்பை, துணை மூளையை வளர்க்கிறது என்பதாக மட்டுமன்றி, துணையின்மை மூளையைக் குறைக்கிறது என்பதாகவும் வாசித்தல் வேண்டும். எதனை அளவுகோலாகக் கொள்கிறோமோ அதற்கேற்பவே கண்டுபிடிப்பின் பெயரும் அமைகிறது. வரலாறு பயில்வோர்க்கு இது புதிதன்று.

அதே காலப்பகுதியில் இத்தாலியின் மிலான் நகரிலுள்ள மாரியோ நெக்ரி நிறுவனத்தில் வேறொரு வழியால் இவ்விடயம் அணுகப்பட்டது. தனித்தடைத்த ஆண் சுண்டெலி சில வாரங்களின் பின் வேறோர் எலியைக் கண்டதும் பாய்ந்து கடிக்கும் என்பது முன்னரே அறியப்பட்டிருந்தது. 1950களின் இறுதியிலே மன அமைதி மருந்துகளைச் சோதிப்பதற்கு அச்சீற்றம் ஒரு கருவியாகப் பயன்பட்டது. சீற்றம் எவ்வாறு பிறந்தது என ஆராய்வதற்கு முன்னரே அதனைத் தணிக்கும் மருந்து தேடப்பட்டமை சிந்தித்தற்குரியது. மிலான் ஆய்வாளர்களான கராற்றினியும் வல்செல்லியும் மற்றொருவரும் 1967 இல், நான்கு வாரம் தனித்திருந்து சீற்றங்கொண்ட எலிகளின் மூளையில் செரட்டோனின் என்னும் இரசாயனத்தை அளந்தனர். அதன் அளவு குறையவில்லை. அது புதிதாக உண்டாகிச் செலவாகும் வேகமே குறைந்திருந்தது. எமது ஊர்க் கிணறு ஒன்றை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். நீர்மட்டம் நேற்றிருந்தபடியே இருக்கலாம். ஆனால் இறைப்பாரும் இல்லை, ஊற்றும் மந்தம். எட்டிப் பார்ப்பவர்க்கு வேறுபாடு தெரியாது. பெண் சுண்டெலிகளிடம் இச்சீற்றம் இவ்வாறு தோன்றவில்லை என்பதனையும் சொல்லியாக வேண்டும். தனிமை எல்லாவுயிரையும் ஒரே வகையில் மாற்றுவதில்லை.

தனிமை எப்பருவத்தில் நேர்கிறது என்ற கேள்வியை இங்கிலாந்தின் டொறதி ஐனனும் மைக்கல் மோகனும் 1977 இல் எழுப்பினர். பிறந்து 25 முதல் 45 நாள் வரையுள்ள காலத்தில், அதாவது விளையாட்டுப் பருவத்தில், தனித்திருந்த வெள்ளெலிகளின் நடத்தையிலே நிலைத்த மாற்றம் காணப்பட்டது. பின்னர் தனித்திருந்தவற்றில் அது காணப்படவில்லை. அடுத்த ஆண்டு வெளியான அவர்களது ஆய்வே இவ்வரலாற்றில் எனக்கு மிக விருப்பமானது. தனித்து வளர்ந்த குட்டிகளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணிநேரம் மாத்திரம் துணை கொடுத்து விளையாட விட்டனர். எஞ்சிய இருபத்துமூன்று மணிநேரமும் தனிக்கூடுதான். அந்த ஒரு மணிநேரமே தீங்கைப் பெரிதும் தணிக்கப் போதுமாயிருந்தது.

பிற்கால ஆய்வுகள் பல. சிலவற்றை மட்டும் சுட்டுவேன். 2012 இல் வெளியான ஈராய்வுகளை ஒருங்கே வைத்து நோக்குதல் நன்று. பால் மறந்தபின் இரு வாரம் தனித்திருந்த சுண்டெலிகளின் மூளை நுதற்பகுதியில் நரம்பிழைகளைப் போர்த்தும் மயலின் உறை மெலிந்தது. பின்னர் துணை சேர்த்தும் அது சீரடையவில்லை. வளர்ந்தபின் எட்டு வாரம் தனித்திருந்தவற்றிலும் உறை பழுதுற்றது. ஆனால் துணையோடு சேர்ந்தபின் அது மீண்டது. 2016 இல் மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தார், ஒரேயொரு நாள் தனிமையின் பின்னரே மூளைத்தண்டின் சில டோபமீன் கலங்கள் மாறுதலடைந்து எலியைத் துணைதேடத் தூண்டுவதைக் கண்டனர். 2018 இல் கலிபோர்னியாத் தொழினுட்ப நிறுவனத்தார் இரு வாரத் தனிமையினால் ராக்கிகைனின் என்னும் பொருளொன்று மூளையின் பல பகுதிகளில் மிகுவதையும், அதன் செயலைத் தடுத்தபோது அச்சமும் சீற்றமும் தணிவதையும் காட்டினர். ஒரு நாள் தனிமை துணையைத் தேடச் செய்கிறது. இரு வாரத் தனிமை வந்த துணையைக் கடிக்கச் செய்கிறது. இவ்விரண்டுக்குமிடையே எலியினுள் நிகழ்வதென்ன என்பதே இத்துறையின் சுவையான வினாவென எனக்குப் படுகிறது.

எலியிலிருந்து மனிதனுக்குத் தாவுதல் ஆபத்தானது. எலிக்குக் கடிதம் வருவதில்லை. கோயில் மணி கேட்டுப் பழைய திருவிழாவை அது நினைப்பதுமில்லை. மனிதன் கூட்டத்தின் நடுவிலும் தனித்திருப்பான். ஆயினும் துன்பத்தைத் தனியொருவரின் நோயாக மட்டும் நோக்கலாகாது என்பதற்கு எமது மண்ணிலேயே சான்றுண்டு. யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போரின் உளப்பாதிப்புப் பற்றி 1998 இல் ஆங்கிலத்தில் ஒரு நூலை வெளியிட்டார். குடும்பமும் ஊருமாகப் பிணைந்து வாழும் சமூகத்தில் அப்பிணைப்பு அறுபடுதலே பெருங்காயம் என்பதைப் பின்வந்த அவரது எழுத்துக்கள் வலியுறுத்தின. 2006 ஓகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டபோது குடாநாடு முழுவதுமே தனிக்கூடாயிற்று. ஆனால் அந்நாளில் ஊரவர் ஒருவரையொருவர் தேடிச் சென்றனர் என்றே முதியோர் கூறுகின்றனர். அடைபட்டது ஊர், வீடுகள் அல்ல.

இன்று வடமராட்சியில் நிலைமை மறுதலையாக உள்ளது. பாதைகள் திறந்துள்ளன, வீடுகளே அடைபட்டுள்ளன. பருத்தித்துறையில் எமது ஒழுங்கையில் மட்டும் பிள்ளைகள் கடல்கடந்து வாழ, முதியவர் ஒருவர் தனித்திருக்கும் வீடுகள் நான்கு. அவற்றுள் ஒன்று எனது அம்மம்மாவின் வீடு. அம்மப்பா இறந்தபோது அந்தியேட்டி வரை முப்பத்தொரு நாளும் யாராவது வந்து அங்கே படுத்தனர், அடுப்பு அணையவில்லை. முப்பத்திரண்டாம் நாள் வீடு வெறிச்சோடியது.

முன்னாளில் அவ்வளவுக்கு அக்கம்பக்கம் கிடுகுவேலியாக இருந்தது. வேலியில் ஒரு பொட்டு உண்டு. அதனூடாகக் கறிச்சட்டியும் சண்டையும் சமாதானமும் போய்வந்தன. பின்னர் மாமா ரொறன்ரோவிலிருந்து அனுப்பிய பணத்தில் ஆறடி மதில் எழுப்ப ஏற்பாடாயிற்று. காவலுக்கு அது வேண்டும் என்பது மாமாவின் வாதம். அதிற் பிழையும் இல்லை. வேலை தொடங்கிய நாளன்று அம்மம்மா பொட்டு இருந்த இடத்தில் கதிரையைப் போட்டு அமர்ந்துவிட்டார். மேசன் மாமாவுக்குத் தொலைபேசியில் முறையிட்டார். ஈற்றில் அவ்விடத்தில் இரண்டரை அடி அகலத்தில் ஒரு சிறு படலை வைக்கப்பட்டது. பின்னேரம் நான்கு மணிக்குப் பக்கத்து வீட்டு அன்னம்மா அக்கா அதனூடாக வருவார். விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சற்று முன் திரும்பிப் போவார்.