முக்கோணம் அளந்த நிலம்

வன்னிப் பெருநிலம் பெரும்பாலும் சமதரை. காடும் குளமும் செறிந்த அந்நிலத்திற் சங்கிலி பிடித்து நேரே அளந்து செல்லுதல் எளிதன்று. நீரில் இறங்காமலே ஒரு குளத்தின் அகலத்தை அறிவது எங்ஙனம்? திரிகோண கணிதம் இதற்கு விடை கூறுகின்றது.

நேரான குளக்கட்டில் 100 மீற்றர் இடைவிட்டு இரு முளைகளை நாட்டுவோம். அக்கரையோரத்துப் பாலை மரமொன்றை அவற்றிலிருந்து நோக்க, கட்டோடு 60 பாகையும் 75 பாகையும் அமைகின்றன என்க. எஞ்சிய கோணம் 45 பாகை. மரத்திலிருந்து கட்டுக்குச் செங்குத்து ஒன்று வரைந்தால் இரு செங்கோண முக்கோணங்கள் தோன்றும். அச்செங்குத்தின் நீளத்தை எதனைக் கொண்டு கணித்தாலும் விடை ஒன்றே. ஏனைய உச்சிகளுக்கும் இது பொருந்தும். ஆதலின், ஒவ்வொரு பக்கத்தையும் அதற்கு எதிரான கோணத்தின் சைனால் வகுக்க ஒரே ஈவு கிடைக்கும். இதுவே சைன் விதி. இதன்படி குளத்தின் அகலம் ஏறத்தாழ 118 மீற்றர்.

கி.பி. 499இல் ஆரியபட்டர் அரைநாண்களின் அளவுகளைத் தொகுத்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பாரசீக அறிஞர் நசீருத்தீன் தூசி இவ்விதியைத் தெளிவுற நிறுவினார். 1802இல் லாம்டன் சென்னையருகே ஏழரை மைல் நீளமான அடிக்கோட்டை அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக இந்திய நிலத்தை அளக்கத் தொடங்கினார். குன்றுகளற்ற தஞ்சைச் சமவெளியிற் கோயிற் கோபுரங்களே அவருக்குக் குன்றுகளாயின. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றுகையில் அவருடைய பெரிய தியோடலைற்று மோதிச் சிதைந்தது. அவர் பல வாரம் முயன்று அதனைச் செப்பனிட்டார்.

இலங்கையில் நில அளவைத் திணைக்களம் 1800இல் நிறுவப்பட்டது. நாடளாவிய முக்கோண வலைக்கு நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் அளந்த இரு அடிக்கோடுகள் ஆதாரமாயின. ஒன்றிலிருந்து கணித்து வந்த நீளத்தை மற்றதன் அளவோடு ஒப்பிட்டால், இடையே நேர்ந்த பிழை வெளிப்பட்டுவிடும்.

இக்கணக்கின் பயன் ஏட்டோடு நிற்பதன்று. 2009இல் போர் முடிந்தபின் வன்னிக்கு மீண்ட மக்களிற் பலர், தம் காணிகளின் வேலியும் எல்லையும் அழிந்திருக்கக் கண்டனர். எல்லைக் கல் பெயர்ந்துபோகலாம். ஆனால், தொலைவிலுள்ள நிலையான புள்ளிகளோடு கோணத்தாலும் நீளத்தாலும் பிணைத்து வரைந்த படம் இருக்குமாயின், கல் நின்ற இடத்தை மீட்டும் காணலாம். முக்கோணத்தின் மெய்ம்மை, காணியின் உரிமைக்குச் சாட்சியாகின்றது.