பொதுமொழியாக ஆங்கிலம்

ஒரு மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாதார், அதனையே தம்மிடைப் பொதுமொழியாகக் கொள்ளுதல் வரலாற்றிற்குப் புதிதன்று. இடைக்கால ஐரோப்பியக் கல்விமான்களுக்கு இலத்தீன் அவ்வாறு பயன்பட்டது. இன்று அந்நிலையை எய்தியிருப்பது ஆங்கிலம். அதனை இந்நோக்குடன் கற்பிப்போர் எதனை அளவுகோலாகக் கொள்ளல் வேண்டும்?

சொற்றொகையைச் சுருக்குதலே வழியென முன்னர்ச் சிலர் கருதினர். ஒக்டன் என்னும் ஆங்கில அறிஞர் 1930ஆம் ஆண்டில் 850 சொற்களாலான 'அடிப்படை ஆங்கில'த்தை வெளியிட்டார். ஆயினும், எளிய சொல்லும் இருபொருள் படுதல் உண்டு.

இவ்வுண்மையை உலகம் பெருவிலை கொடுத்து அறிந்தது. 1977 மார்ச் 27ஆம் திகதி, தெனரீஃப் தீவின் விமான நிலையத்தை மூடுபனி சூழ்ந்திருந்தது. ஒல்லாந்து விமானத்தின் துணைவிமானி, தாம் 'புறப்பாட்டில்' இருப்பதாக ஆங்கிலத்தில் அறிவித்தார். ஓடத் தொடங்கிவிட்டோம் என்பது அவர் கருத்துப் போலும். புறப்படும் இடத்தில் காத்துநிற்கின்றனர் என ஸ்பானியக் கட்டுப்பாட்டாளர் கொண்டார். அவர் முதலிற் கூறிய 'ஓகே' மயக்கத்தை மிகுவித்தது. தொடர்ந்து கூறிய தடையுரையோ, வேறொரு வானொலிச் செய்தி குறுக்கிட்டமையால் தெளிவாகச் செவிப்படவில்லை. அதே ஓடுபாதையில் இருந்த அமெரிக்க விமானத்துடன் மோதியதில் 583 பேர் மாண்டனர். பிற காரணங்களும் உடனிருந்தன என்பது மெய்யே; எனினும் மொழியின் பங்கை மறுத்தல் இயலாது. அதன்பின், அந்த ஆங்கிலச் சொல்லைப் புறப்பாட்டு அனுமதியை வழங்கவும் நீக்கவுமன்றிப் பிறவிடத்து வழங்கலாகாதென்னும் நடைமுறை ஏற்பட்டது.

எதிர்பாரா இடர்களில் வரையறுத்த தொடர்கள் மட்டும் போதா. ஆதலின், சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் 2003இல் ஆறு படிகள் கொண்ட மொழித்தேர்ச்சி அளவையை ஏற்று, நான்காம் படியை இழிவெல்லையாக்கியது. அப்படியில் தாய்மொழிச் சாயல் குற்றமன்று. அது விளக்கத்திற்கு அடிக்கடி இடையூறாகாதிருத்தலே வேண்டற்பாலது. ஜெனிபர் ஜெங்கின்ஸ் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி நூலும் இதற்கு இயைந்ததே. உயிரொலியின் குறுமை நெடுமை பிறழ்ந்தாற் பொருள் மயங்கும். நாநுனியைப் பல்லிடை வைத்தொலிக்கும் ஆங்கில ஒலிகள் பிறழினும் பொருள் பெரிதும் மயங்காது என்பது அவர் முடிபு.

இஃது எமது நாட்டிற்கும் பொருந்தும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழி எனக் கூறி, ஆங்கிலத்தை இணைப்புமொழியாக்கிற்று. வைத்தியசாலையிலோ அலுவலகத்திலோ சிங்களரும் தமிழரும் அம்மொழியிற் பேசுங்கால், இலண்டன் உச்சரிப்பாற் பயனில்லை. சொல்லியது சொல்லியவாறே விளங்குதல் வேண்டும். எனவே, இலக்கணத்தோடு, விளங்காதவிடத்து நாணாது வினாவுதலும், கேட்டதைத் திரும்பக் கூறி உறுதிசெய்தலும் எமது வகுப்பறைகளிற் பயிற்றப்படல் வேண்டும்.