ஏரியூரை எக்ஸ்ரே எட்டும் வழி

தருமபுரி மாவட்டத்தின் தென்மேற்கு ஓரத்தில் அமைந்த ஏரியூர் வட்டாரத்துக்கு 1934 ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனையாகும். காவிரியின் குறுக்கே மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டதும், நாகமரைக்கும் எதிர்க்கரையான பண்ணவாடிக்கும் இடையே நீர் பரந்து விரிவதற்கு வழி பிறந்ததும் அவ்வாண்டில்தான். சென்னை அரசு பொது மருத்துவமனையில், கேப்டன் பர்னார்டின் பெயரைத் தாங்கிய கதிரியக்கவியல் நிலையம் தோன்றியதும் அதே ஆண்டில் ஆகும். அணை அன்றைய சேலம் மாவட்டத்துக்குட்பட்ட இப்பகுதியின் நிலத்தை உடனே மாற்றியது. எக்ஸ்ரேயோ நெடுங்காலம் நகரத்து மருத்துவமனைகளிலேயே தங்கிவிட்டது. அது ஏன் தங்கியது, இன்று ஏன் நகர்கிறது என்பதை அறிய, படத்தைப் படித்துச் சொல்லும் மருத்துவரைவிடப் படத்தை எடுக்கும் ஊழியரைப் பின்தொடர்வதே பயன் தரும். ரேடியோகிராபர் என்று அரசுப் பதிவேடுகளும், எக்ஸ்ரே டெக்னீஷியன் என்று பொதுமக்களும் அழைக்கும் அந்த ஊழியரைப் பற்றி மருத்துவ வரலாற்று நூல்கள் மிகக் குறைவாகவே பேசியிருப்பது வருந்தத்தக்கது.

ஃபிலிம் காலத்தில் அவ்வேலையின் பாதி இருட்டறையில் நடந்தது. வெளிச்சம் புகாத கேசட்டிலிருந்து ஃபிலிமை மங்கிய சிவப்பு விளக்கொளியில் எடுத்து, உருத்துலக்கும் டெவலப்பர் கரைசலிலும், பின்னர் உருவை நிலைநிறுத்தும் ஃபிக்ஸர் கரைசலிலும் தோய்த்து, கழுவி, உலர்த்தித்தான் மருத்துவரின் கைக்கு அனுப்ப முடிந்தது. கோடையில் கரைசலின் வெப்பம் ஏறினால் படம் கறுத்துவிடும் என்பதால் நேரத்தைக் குறைப்பதா, பனிக்கட்டி தேடுவதா என்பதை அங்கு நின்றவரே முடிவு செய்ய வேண்டியிருந்தது. மின்சாரமும் தண்ணீரும் தடையின்றிக் கிடைக்காத ஊர்களில் இத்தகைய கூடத்தை அமைப்பது எளிதன்று.

காசநோய்தான் எக்ஸ்ரேயைக் கிராமத்தை நோக்கித் தள்ளியது. ஒளிர்திரையில் விழும் மார்பின் உருவைச் சிறிய ஃபிலிமில் படம் பிடிக்கும் முறையைப் பிரேசில் மருத்துவர் மனுவல் தெ அப்ரெயு 1936 இல் வகுத்தார். குறைந்த செலவில் பலரைப் பரிசோதிக்க உதவிய அம்முறையைக் கொண்டே 1955 முதல் 1958 வரை இந்தியாவின் தேசியக் காசநோய்க் கணக்கெடுப்பு நடந்தது. நகரத்துக்கு ஈடாகக் கிராமத்திலும் இந்நோய் பரவியிருப்பதை அக்கணக்கெடுப்பு காட்டியது. ஆனால் 1962 இல் தேசியக் காசநோய்த் திட்டம் வகுக்கப்பட்டபோது, எக்ஸ்ரே மாவட்ட மையத்தோடு நிறுத்தப்பட்டு, சளியை நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனையே கிராம மருத்துவ நிலையங்களுக்கு உரியதாயிற்று. கருவியின் விலையும் படம் எடுக்கத் தெரிந்தவரின் பற்றாக்குறையும் அதற்குக் காரணங்களாயின. ஒரே படத்தை இருவர் படித்தால் இருவேறு முடிவு சொல்லக்கூடும் என்பதும் 1940களிலேயே அமெரிக்க ஆய்வுகளால் தெரிந்திருந்தது. அன்றைய நிலையில் எக்ஸ்ரேயை மாவட்ட மையத்தோடு நிறுத்தியது நேர்மையான முடிவே. எனினும் அதன் விளைவாக, ஏரியூர் போன்ற ஊரில் இருமலோடு இருந்த ஒருவர் மார்புப் படம் எடுக்க வேண்டுமானால், அன்றாடக் கூலியை இழந்து பென்னாகரம் வழியாக மாவட்டத் தலைநகருக்குப் பயணப்பட வேண்டிய நிலை பல தலைமுறைகளுக்கு நீடித்தது.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு இந்தக் கணக்கை மாற்றியது. மார்புப் படம் எடுக்காமல் அறிகுறிகளை மட்டும் கேட்டிருந்தால், நோய் உறுதியானவர்களுள் 42.6 விழுக்காட்டினர் விடுபட்டிருப்பார்கள் என்று அது கண்டது. 2021 இல் உலக சுகாதார நிறுவனம், 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் மார்புப் படத்தைக் காசநோய்க்காகப் படிப்பதில் மனிதருக்கு மாற்றாகக் கணினி மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. இலட்சக்கணக்கான படங்களில் பயிற்றப்பட்ட இம்மென்பொருள், புதிய படம் ஒன்றில் நோய்க்குறி இருப்பதற்கான வாய்ப்பை ஒரு மதிப்பெண்ணாகத் தந்து, ஐயத்துக்குரிய இடத்தை வண்ணத்தால் சுட்டும். 2024 டிசம்பர் 7 அன்று 347 மாவட்டங்களில் தொடங்கிய நூறு நாள் காசநோய் ஒழிப்பு இயக்கத்தில், கையில் தூக்கிச் செல்லக்கூடிய எக்ஸ்ரே கருவிகளோடு இதுவும் களத்துக்கு வந்தது. இருட்டறையின் இடத்தை டிஜிட்டல் தகடு எடுத்துக்கொண்டதால், படம் சில நொடிகளில் மடிக்கணினித் திரைக்கு வந்துவிடுகிறது.

இம்மாற்றத்தால் டெக்னீஷியனின் தேவை குறைந்துவிட்டதாகக் கருதுவோர், முகாமில் நடப்பதை அருகில் நின்று பார்ப்பது நல்லது. படம் எடுக்க வரும் பெண்ணின் தாலிச் சங்கிலியையும் ஊக்குகளையும் கழற்றச் சொல்லி, சடையைத் தூக்கி உச்சியில் முடியச் செய்வது முதல் வேலை. தோளில் தொங்கும் அடர்ந்த சடை, நுரையீரலின் மேல்நுனியில், அதாவது காசநோய் பெரிதும் தங்கும் இடத்தில், நோயின் தழும்பைப் போன்றே நிழலை வீழ்த்தும். பின்னர் மார்பைத் தகட்டோடு ஒட்டி நிறுத்தி, தோள்களை முன்னே தள்ளி, “மூச்ச நல்லா இழுத்து அப்படியே நிறுத்தும்மா” என்று சொல்லி, அவர் நிறுத்திய கணத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். மூச்சு பாதியில் நின்றால் நுரையீரலின் அடிப்பகுதி வெண்மையாகத் தெரியும். உடல் சற்றே திரும்பினால் கழுத்துப்பட்டை எலும்புகள் முதுகெலும்பிலிருந்து சம தொலைவில் விழாது. மென்பொருள் படிப்பது இந்தப் படத்தைத்தான். எடுத்தவரின் கவனம் தவறினால் அதன் மதிப்பெண்ணும் தவறும். மதிப்பெண் உயர்ந்து வந்தால், அங்கேயே சளி மாதிரி வாங்க ஏற்பாடு செய்வதும், இது முடிவான தீர்ப்பன்று என்று அச்சத்தோடு நிற்பவருக்கு விளக்குவதும் முகாமில் இருக்கும் டெக்னீஷியனையும் களப்பணியாளரையும் சார்ந்தவை. அந்தப் பொறுப்புக்கான பயிற்சி, கருவி வாங்கும் அதே உத்தரவில் இடம்பெறுவதே முறையாகும்.

மருத்துவ கதிரியக்கப் படமெடுப்போரைத் தனித் தொழில் வகையினராக ஏற்றுப் பதிவு செய்ய வகைசெய்யும் தேசியச் சட்டம் 2021 இல்தான் இயற்றப்பட்டது. சென்னையில் பர்னார்டு நிலையம் தோன்றி அப்போது 87 ஆண்டுகள் கடந்திருந்தன. 15 வயதுக்குட்பட்ட குழந்தைகள் உலக சுகாதார நிறுவனத்தின் அப்பரிந்துரைக்குள் வராததால், அவர்களின் படங்கள் இன்றும் மருத்துவரின் கண்ணுக்கே செல்ல வேண்டும். அவற்றைப் பிரித்தெடுத்து அனுப்புவதும் முகாமில் படம் எடுப்பவரின் கையில்தான் இருக்கிறது.