இடவப்பாதியும் பிளக் நம்பரும்

திருவிதாங்கூர் அரசு பஸ் 1938 பிப்ரவரி 20 அன்று திருவனந்தபுரத்தில் ஓடத் தொடங்கியது. அதில் ஓடிய காமர் நிறுவன வண்டிகளில் பொருத்தியிருந்தவை பெர்கின்ஸ் டீசல் இன்ஜின்கள். டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. ஆகவே இந்நகரில் பிளக்கின் கதை பெட்ரோல் கார்களின் கதைதான்: முதலில் சீமையிலிருந்து இறங்கியவை, 1950களின் கடைசியில் அம்பாசடர், கூடவே ஃபியட், பின்னர் அதன் வாரிசான பத்மினி. கோடைக்குக் குளிர்ந்த பிளக், மழைக்குச் சூடான பிளக் என்ற யோசனையும் பழைய கார்களைச் சுற்றி வந்துகொண்டே இருக்கிறது. பனி பெய்யும் நாடுகளில் பிறந்த யோசனை அது. அங்கே அதற்குப் பொருள் உண்டு. இந்த ஊரில் அதற்கு வேலையில்லை என்பது என் கட்சி.

பிளக்கின் பீங்கான் மூக்கு நீளமாக இருந்தால் சூடு வெளியேறத் தாமதமாகும். அது சூடான பிளக். குட்டையாக இருந்தால் குளிர்ந்தது. பிளக் நம்பர் குறிப்பது இதைத்தான். மூக்கின் சூடு ஏறத்தாழ 450 டிகிரிக்குக் கீழே நின்றால் கரி எரியாமல் படியும். 850ஐத் தாண்டினால் பொறி விழுமுன்பே கலவை பற்றிக்கொள்ளும். இந்த 400 டிகிரி இடைவெளியில் திருவனந்தபுரத்தின் வானிலைக்கு என்ன பங்கு? இங்கே மிகச் சூடான மாதத்துக்கும் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் சராசரி வெப்பத்தில் சுமார் 3 டிகிரிதான் வித்தியாசம். காற்றின் அடர்த்தியில் அது 1 சதவீதம். டெல்லியில் அதே வித்தியாசம் 20 டிகிரி அளவில் இருக்கும். அங்கே ஒருவர் நம்பர் மாற்றினால் வாதாடலாம், இங்கே முடியாது. பக்கத்துப் பொன்முடி மலை ஏற்றத்தைச் சொல்வார்கள். 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கீழ் கியரில் ஏறும்போது பிளக் சூடேறுவது உண்மை. ஆனால் அது இன்ஜின் சுமக்கும் பாரத்தால் வரும் சூடு. காரின் கையேட்டில் போட்ட நம்பரே முழுப் பாரத்தையும் கணக்கில் வைத்துத்தான் போடப்பட்டது.

இடவப்பாதியில், அதாவது தென்மேற்குப் பருவமழையில், பிளக் கறுக்கிறதே என்பது இன்னும் வலுவான மறுப்பு. 30 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்றில் சுமார் 4 சதவீதம் நீராவி. அந்த அளவுக்கு ஆக்சிஜன் குறைகிறது, கார்புரேட்டர் வண்டியில் கலவை சற்றுப் பெட்ரோல் மிகுந்ததாகிறது. அதற்கு மருந்து கார்புரேட்டர் திருகாணியில் இருக்கிறது. மழைநாளில் வண்டி மிஸ்ஸிங் ஆவதற்கோ காரணம் பெரும்பாலும் வேறு. நகரின் தம்பானூர் பகுதியில் தேங்கும் தண்ணீரை ரேடியேட்டர் விசிறி வாரி டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் அடிக்கும். வெடித்த மூடியிலும் இற்றுப்போன ஒயரிலும் மின்சாரம் கசியும். பிளக்கைக் கழற்றும்போது அவற்றையும் துடைத்து மாட்டுவதால் வண்டி கிளம்பும். பெயர் புது நம்பருக்குப் போகும்.

உண்மையில் பிளக் தேர்வைக் குழப்பியது மழையைவிட நம்பர் முறைதான். 1951இல் தொடங்கிய மைக்கோ நிறுவனம், பெங்களூரில் பாஷ் நிறுவன முறையில் பிளக் செய்தது. பாஷின் பழைய கணக்கில் 145ஐவிட 175 குளிர்ந்தது. புதிய கணக்கில் அவையே 8, 7 ஆயின, அதாவது நம்பர் கூடினால் சூடும் கூடும். என்ஜிகே நிறுவனத்தின் பிளக்கிலோ நம்பர் கூடினால் குளிர்ச்சி. பழைய கையேட்டையும் புதிய பெட்டியையும் வைத்துக்கொண்டு தவறான பிளக் வாங்க இதைவிட நல்ல வழி கிடையாது. பெட்ரோலில் ஈயம் கலந்திருந்த காலத்தில் ஈயப் படிவும் பிளக்கைக் கெடுத்தது. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோல் வந்தபின் அந்தத் தொல்லை ஒழிந்தது. பழைய கார் வைத்திருப்பவர்கள் கையேட்டு நம்பரையே ஆண்டு முழுவதும் போடலாம். மே மாதம் முடியுமுன் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் ஒயர்களையும் மாற்றிவிடுங்கள்.