எண் பெற்ற எழுத்துகள்

ஒரு மொழிக்குத் தனி லிபி வாய்ப்பது அரிது. வாய்த்த லிபி கணிப்பொறியில் ஏறுவது அதனினும் அரிது. ஒடிசாவின் மயூர்பஞ்சு வட்டாரத்தில் பிறந்த பண்டிதர் ரகுநாத் முர்மு, 1925-ஆம் ஆண்டில் சந்தாலி மொழிக்கு ‘ஓல் சிக்கி’ லிபியை ஆக்கினார். அதில் 30 எழுத்துகள். உயிரும் மெய்யும் வரிசையில் தனித்தனியே நிற்கும். அதுவரை அம்மொழியை வங்க லிபியிலும், ஒடியா லிபியிலும், தேவநாகரியிலும், ரோமன் எழுத்திலும் அவரவர் வாழ்ந்த மாநிலத்துக்கு ஏற்ப எழுதி வந்தனர். ஒரே மொழி பேசுவோர், ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க இயலாது திகைத்தனர்.

கணிப்பொறி வந்த பின்னும் அவ்விடர் தீரவில்லை. ரோமன் எழுத்துகளுக்குரிய எண்களின்மீது ஓல் சிக்கி வடிவங்களைப் போர்த்திய எழுத்துருக்களே முதலில் வழங்கின. அதே எழுத்துரு இல்லாத பொறியில் கோப்பைத் திறந்தால், பொருளற்ற ரோமன் எழுத்துகளே எஞ்சும். (தமிழரும் இத்தொல்லையை ஒரு காலத்தில் நன்கு அறிந்தவர்களே, மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் சற்று மிகுதியாகவே அறிவோம்!) 2003-ஆம் ஆண்டின் திருத்தம் சந்தாலியை அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் சேர்த்தது. ஆயினும் ஓல் சிக்கிக்கு யூனிகோடு எண்கள் 2008-இல்தான் கிடைத்தன.

எண் மட்டும் போதுமா? எழுத்துரு வேண்டும், விசைப்பலகை அமைப்பு வேண்டும். வணிகர் இலாபம் காணாத இடத்தில் இவற்றைச் செய்வார் யார்? கட்டற்ற மென்பொருளின் அருமை இங்கேதான் விளங்குகிறது. கட்டற்றது என்றால் விலையற்றது என்று மட்டும் கொள்ளலாகாது. எவரும் அதன் உள்ளமைப்பை ஆராயலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கலாம் என்பதே அதன் பொருள். ‘நோட்டோ’ எழுத்துருக்கள் இத்தகைய உரிமத்தோடு வெளிவந்தன. முன்னர் விலைக்கு விற்கப்பட்ட ‘கீமேன்’ என்னும் செயலியும் பின்னர் கட்டற்றதாயிற்று. விசைகளின் ஒழுங்கை அந்தந்த மொழியினரே அதில் வகுத்துக்கொள்ளலாம். 2018 ஆகஸ்டில் ஓல் சிக்கி எழுத்திலேயே சந்தாலி விக்கிப்பீடியா தொடங்கிற்று. அதைத் தாங்கி நிற்கும் மீடியாவிக்கியும் கட்டற்ற மென்பொருளே.

சந்தாலி பேசுவோர் 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி 70 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். இரண்டாயிரம் பேரைக்கூட எட்டாத மொழியின் நிலை என்ன? மேற்கு வங்கத்தின் அலிபுர்துவார் மாவட்டத்தில், பூட்டான் எல்லையை ஒட்டிய டோட்டோபாராவில் பேசப்படும் டோட்டோ அத்தகையது. அதற்குத் தனிராம் டோட்டோ 2015-இல் எழுத்துகளை ஆக்கினார். மூச்சொலி கலந்த உயிர்களுக்குத் தனி எழுத்துகளும், ஏறும் தொனிக்கு ஒரு குறியும் அதில் உண்டு. முன்பு வழங்கிய வங்க லிபியில் இவ்வேறுபாடுகளுக்கு இடமில்லை. 2021-இல் இவ்வெழுத்துகள் யூனிகோடில் ஏறின. நோட்டோ வரிசையில் எழுத்துருவும் வந்தது. 2023-இல் தனிராமுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

டோட்டோச் சிறுவர் பள்ளியில் பயில்வது வங்க மொழியில்தான். விசைப்பலகை அதை மாற்றிவிடாது. ஆனால் பாட்டியின் வாய்ச்சொல்லை அதன் மூச்சொலி குன்றாமல் கைப்பேசியில் எழுத அவர்களுக்கு இன்று வழி இருக்கிறது. விசைகளின் ஒழுங்கு கைக்கு இசையவில்லை எனில், எவர் அனுமதியும் கேளாமல் அவர்களே அதை மாற்றிக்கொள்ளலாம்.