உயிர்ப்பு வரலாறும் வழிபாட்டு மரபும்

ஏசுநாதர் கல்லறையினின்று எழுந்த கணத்தை நேரிற் கண்டதாக நற்செய்தி நூல்கள் எவரையும் குறிப்பிடவில்லை. அவை கூறுவன, வெறுமையாய்க் கிடந்த கல்லறையும், பின்னர் அவரைக் கண்டோரின் சான்றுமே ஆகும். மாற்கு எழுதிய நற்செய்தியோ இன்னும் வியப்புக்குரியது. கி.பி. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பழம் படிகள் இரண்டில், கல்லறைக்குச் சென்ற பெண்டிர் அச்சமிகுதியால் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாது ஓடினர் என்பதோடு அந்நூல் முடிவடைகின்றது. கண்டோர் வாய் திறவாதிருப்பின், திருச்சபை தோன்றியிராது. ஆதலின் இவ்வரலாற்றை மீண்டும் மீண்டும் சொல்லுதல் கிறிஸ்தவ வழிபாட்டின் உயிர்நிலையாயிற்று.

பவுல் அடிகள் ஏறத்தாழக் கி.பி. 55-இல் கொரிந்து நகரத்தாருக்கு விடுத்த மடலில், தாம் பெற்றதையே அவர்கட்கும் ஒப்படைத்ததாகக் கூறி, உயிர்த்த ஆண்டவரைக் கண்டோரை வரிசைப்படுத்துகின்றார். நற்செய்திகள் நூல்வடிவு பெறுமுன்னரே வாய்மொழி மரபு நிலைபெற்றுவிட்டது என்பது இதனாற் புலனாகும். 2-ஆம் நூற்றாண்டின் நடுவில் உரோமையில் வாழ்ந்த யுஸ்தீன், ஞாயிறுதோறும் மக்கள் கூடித் திருத்தூதர்களின் நினைவுக் குறிப்புகளை வாசிக்கக் கேட்டனர் என்கின்றார். ஏசுநாதர் எழுந்த நாள் என்பதனை அந்நாளில் கூடுதற்குரிய காரணங்களுள் ஒன்றாகவும் அவர் காட்டுகின்றார்.

இம்மரபு முழுமலர்ச்சி பெற்ற இடம் எருசலேம். பேரரசன் கான்ஸ்டன்டைன் எழுப்பிய திருக்கல்லறைக் கோயில் கி.பி. 335-இல் அர்ப்பணிக்கப்பட்டது. சுமார் 381 முதல் 384 வரை அப்பகுதிகளில் பயணம் செய்த எகேரியா என்னும் மேற்றிசைப் பெண்மணி, தாம் கண்டவற்றை எழுதிவைத்தார். அந்நூலின் எஞ்சிய பகுதி 1884-இல் இத்தாலியின் அரெஸ்ஸோ நகரில் கண்டெடுக்கப்பட்டது.

ஞாயிறுதோறும் கோழி கூவும் வேளையில் மக்கள் திரளாகக் கூடுவர். மூன்று திருப்பாடல்கள் முடிந்தபின், நறும்புகை கல்லறை மண்டபம் எங்கும் பரவும். ஆயர் கல்லறையின் கிராதிக்குள் நின்று, நற்செய்தி நூலை ஏந்தி, உயிர்ப்பு வரலாற்றைத் தாமே வாசிப்பார். வாசிப்புத் தொடங்கியதும், தமக்காக ஆண்டவர் பட்ட பாடுகளை எண்ணி மக்கள் விம்மி அழுவர் என்கின்றார் எகேரியா. ஆண்டுக்கொரு முறை வரும் பாஸ்காத் திருநாளில் மட்டுமன்றி, வாரந்தோறும் இது நிகழ்ந்தது என்பது நோக்கற்பாலது.

கேட்போர் யாவரும் ஒரே மொழியினர் அல்லர். ஆயர் சிரியமொழி அறிந்தவராயினும் கிரேக்கத்திலேயே பேசுவார். அருகில் நிற்கும் குரு ஒருவர் அதனைச் சிரியத்தில் பெயர்த்துரைப்பார். இலத்தீன் மட்டும் அறிந்தோர்க்கு இருமொழியும் தெரிந்த சகோதர சகோதரியர் விளக்குவர். செவியில் வீழ்வது பொருளாக உள்ளத்தில் பதிதல் வேண்டும் என்னும் கருத்து இவ்வேற்பாட்டில் தெளிவாக விளங்குகின்றது.

பிற்காலத்தில் மேலை ஐரோப்பாவில், இலத்தீன் வழிபாட்டு மொழியாகவே நிற்க, பொதுமக்கள் அதனை அறியாதாராயினர். அப்போது கண்ணும் செவிக்குத் துணைவந்தது. ஏறத்தாழ 970-இல் வின்செஸ்டர் ஆயர் எத்தல்வோல்டு தொகுத்த துறவியர் ஒழுங்குநூல், உயிர்ப்பு நாள் வைகறையில் செய்யத்தக்கதை விரிவாகக் கூறுகின்றது. வெள்ளாடை அணிந்த துறவி ஒருவர் குருத்தோலையுடன் கல்லறையருகே அமர்வார். தூபக்கலம் ஏந்திய மூவர், எதையோ தேடுவார்போல மெல்ல நடந்து வருவர். வினாவும் விடையும் இசையாக எழும். இறுதியில் வெறுந்துணி விரித்துக் காட்டப்படும். இடைக்கால ஐரோப்பிய நாடகத்தின் தொடக்கங்களுள் ஒன்றாக அறிஞர் இதனைக் கருதுவர்.

எருசலேமின் வாரவழக்கமும் மறைந்துவிடவில்லை. கீழைத் திருச்சபையில் ஞாயிறு வைகறை வழிபாட்டிற்கென உயிர்ப்பு வாசகங்கள் பதினொன்று வகுக்கப்பட்டு, இன்றும் முறைவைத்து வாசிக்கப்படுகின்றன. அவற்றுள் இரண்டாவது, பெண்டிர் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாது ஓடிய அதே மாற்குப் பகுதியாகும். அன்று அவர்கள் சொல்ல அஞ்சியதைத் திருச்சபை மக்கள் நடுவே உரக்க வாசித்து வருகின்றது.