வெயிலை நம்பிய பேட்டை

பாலைவன நகரம் என்றதும் ஜெய்சல்மேரும் பார்மேரும்தான் நினைவுக்கு வரும். ஆண்டுக்கு ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிற சென்னையின் வடமூலையை அந்த வரிசையில் வைக்க யாருக்கும் தோன்றாது. ஆனால் அந்த மழையில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. தை பிறந்தால் ஆனி வரைக்கும் வானம் பெரும்பாலும் வெளுத்தே கிடக்கும். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் கரையோ கடல் ஒதுக்கிய மணல். நெல்லை நம்பி ஊர் எழுப்ப ஏற்ற நிலமல்ல அது. இந்தக் கரையின் பழைய பிழைப்பு மழையால் நடந்ததல்ல, வறண்ட மாதங்களால் நடந்தது. மழைக்காலம் இங்கே வேலை முடங்கும் காலம். திருவொற்றியூரை ஒட்டிய காலடிப்பேட்டையின் பிறப்பே இதற்குச் சான்று.

திருவொற்றியூர் உள்ளிட்ட ஐந்து கிராமங்களை 1708-இல் நவாப் தாவூத் கான் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். கொஞ்ச காலத்தில் அவை கைவிட்டுப் போயின. 1717-இல் முகலாயப் பேரரசர் ஃபரூக்சியர் கொடுத்த ஆணையைக் காட்டித்தான் கம்பெனி அவற்றை மீட்டது. அதே ஆண்டு கவர்னரான ஜோசப் கோலெட், நெசவாளர்களையும் துணியில் சித்திரம் எழுதுவோரையும் திரட்டித் திருவொற்றியூருக்கு அருகே குடியமர்த்தினார். கோலெட் பேட்டை என்று அவர் பெயரில் எழுந்ததுதான் இன்றைய காலடிப்பேட்டை. தொடக்கத்திலேயே 104 வீடுகளும் ஒரு கோயிலும் 489 குடிகளும் இருந்ததாகக் கம்பெனிப் பதிவு சொல்கிறது. பொதுவாக இதை ஒரு கவர்னரின் சாதனையாகவும், அங்குள்ள கல்யாண வரதராஜப் பெருமாள் கோயில் வந்த கதையாகவும் சொல்லி முடித்துவிடுவார்கள். அதிகாரமும் பாதுகாப்பும் குடிகளை இழுத்தன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பு கம்பெனியின் கோட்டைக்கு அருகே எங்கும் கிடைத்தது. கைத்தொழில்காரர் ஓரிடத்தில் வேர்விட வேண்டுமானால், அவருடைய வேலை அந்த மண்ணில் நடந்தாக வேண்டும்.

அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். கோரமண்டலக் கரையில் சித்திரத்துணி செய்தவர்கள் முதலில் துணியைக் கடுக்காய்ச் சாறும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்துக் காயவைத்தார்கள். பாலின் கொழுப்பு நூலில் ஏறினால்தான் அடுத்து இடும் கரைசல் பரவாமல் கோடு கூராக நிற்கும். பிறகு மூங்கில் எழுதுகோலால், சிவப்பு வரவேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலையும், கறுப்பு வேண்டிய இடங்களில் வெல்லத்தில் ஊறவைத்த இரும்பின் கரைசலையும் இட்டார்கள். மறுபடி வெயிலில் உலர்த்தல். அதன்பின் சாயவேர் போட்ட கொப்பரையில் துணி கொதிக்கும். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும், மற்ற இடமெல்லாம் மங்கலாகக் கறைபடும். அந்தக் கறையைப் போக்கச் சாணநீரில் ஊறவைத்து அலசி, தரையில் விரித்து, காயக் காயத் தண்ணீர் தெளித்து நாள்கணக்கில் வெயிலில் கிடத்தினார்கள். வெள்ளையை வெளுக்கவைத்தது சூரியன்தான். நீலம் வேண்டிய துணிக்கு மெழுகு பூசும் வேலையும், பிறகு மெழுகை நீக்கி இன்னொரு சுற்று வெளுப்பும் உண்டு. ஒரு துணி முடிய வாரங்கள் பல ஆகும். இடையில் ஒரு மழை பிடித்தால் அத்தனை உழைப்பும் பாழ்.

சிவப்பைத் தந்த சாயவேரும் மணலின் பிள்ளைதான். இம்பூறல் என்று சித்த மருத்துவர்கள் சொல்லும் அந்தச் சிறு செடி, கடலோர மணற்பாங்கில் தானாகவே முளைப்பது. இளகிய மணலில் வேர் நீளமாக இறங்கும். சாயம் முழுதும் அந்த வேரின் பட்டையில். இதே வேருக்காக டச்சுக்காரர்கள் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் ஏகபோகம் செலுத்தினார்கள். உழவன் கரம்பு என்று ஒதுக்கிய நிலம் சாயக்காரனுக்கு விளைநிலமாக இருந்தது.

நெசவுக்கு ஈரம் வேண்டுமே, வறண்ட காற்றில் பருத்தி இழை அறுந்துபோகுமே என்று கேட்கலாம். சரியான கேள்வி. அதனால்தான் தறியைக் குழியில் வைத்தார்கள். நெய்பவர் கால் குழிக்குள் இருக்க, மண்ணின் குளிர்ச்சி பாவு என்னும் நீளவாக்கு நூலை வாடாமல் காத்தது. ஆனால் தறியில் ஏறுவதற்கு முன்னால் பாவு நூலைத் தெருவில் நீட்டி, கஞ்சி தோய்த்து, தூரிகையால் வாரி உலர்த்தியாக வேண்டும். அதற்கு நீண்ட தெரு வேண்டும், தூறல் இல்லாத விடியற்காலை வேண்டும். அடைமழையில் தறி ஓடினாலும் பாவு ஓடாது. பாவு இல்லாமல் தறி எத்தனை நாள் ஓடும்?

கடலின் நாட்காட்டியும் இதோடு ஒத்துப்போனது. சென்னைக்கு அன்று துறைமுகம் கிடையாது. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். புயல்காலத்துக்கு அடையாளமாக அக்டோபர் நடுவில் கோட்டைக் கொடிமரம் இறக்கப்படும். பெருங்கப்பல்கள் வேறு இடம் தேடிப் போய்விடும், டிசம்பர் நடுவில்தான் திரும்பும். 1746 செப்டம்பரில் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பற்படையே அக்டோபரில் இங்குப் புயலில் சிதைந்தது. எண்ணூரை ஒட்டிய அத்திப்பட்டு உப்பளங்களிலும் இதே கணக்குதான்: கோடையில் பாத்தியில் உப்பு விளையும், பெருமழை வந்தால் கரைந்து பருவம் முடியும். கருவாடு காயவும் அதே வெயில்தான்.

வெயிலும் மணலும் இருந்தும் சித்திரத்துணி ஏன் அழிந்தது? அழித்தது இந்த ஊரின் வானமல்ல. 1721-இல் இங்கிலாந்து அச்சிட்ட பருத்தித்துணியை உடுத்துவதையே தடைசெய்தது. மறு ஏற்றுமதியால் கொஞ்சகாலம் வணிகம் ஓடினாலும், பின்னால் ஆலைத்துணி வந்தது. 1869-க்குப் பிறகு அலிசாரின் என்னும் செயற்கைச் சிவப்புச் சாயம் வந்து சாயவேரின் சந்தையையும் முடித்தது.

பிறகு மணலே போனது. இதுதான் பெரிய இழப்பு. இந்தக் கரையில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும். 1870-களில் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீளத் தொடங்கியதும் அந்த ஓட்டம் தடைப்பட்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் திருவொற்றியூர் தாண்டியும் கரை அரிக்கப்பட்டது. குப்பம் குப்பமாக வீடுகளைக் கடல் தின்றபின் கருங்கல்லைக் கொட்டித் தடுத்திருக்கிறார்கள். மெரினாவைப் பெருமையாகப் பேசுகிற நகரம், அதற்காக வடசென்னை கொடுத்த விலையைப் பேசுவதே இல்லை. மணல் வெறும் தரையாக மட்டும் இருக்கவில்லை. மூன்று மாத மழையை உறிஞ்சி, உப்புநீருக்கு மேலே நன்னீராகத் தாங்கி, ஒன்பது மாதம் கிணற்றில் ஊறவைத்ததும் அதுதான். ராஜேந்திர சோழன் காலத்தில் கற்றளியான திருவொற்றியூர்க் கோயிலைச் சுற்றி ஆயிரம் ஆண்டாக ஊர் வாழ்ந்தது அந்த ஊற்றை நம்பித்தான்.

இன்று இங்கே பிழைப்பு ஆலையில், வெயிலும் மழையும் யாருக்குப் பொருட்டு என்று சொல்வார்கள். ஆலைக்கும் தண்ணீர் வேண்டும். வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் அளவுக்கு மீறி நிலத்தடி நீரை இறைத்ததால், கடல்நீர் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே புகுந்தது. 2010-இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. வளைகுடாவின் பாலைநகரங்கள் மழையே இல்லாததால் செய்ததை, 1,400 மில்லிமீட்டர் மழை பெய்யும் கரை செய்ய வேண்டி வந்திருக்கிறது.